பம்ப் சரியில்லை

கிழவர் ஓடல் சிறுநீர் கழிக்க வண்டியை விட்டு இறங்காமல் இருந்திருந்தால் நாங்கள் அந்தப் புகையைப் பார்த்திருக்க மாட்டோம். நேரே கீழே போயிருப்போம். அப்படிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஆறு மாதமாக யோசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி முடிகிறது.

ஆகஸ்ட் மாதம், அந்தக் காட்டுத்தீயில் எங்களுக்கு ஒன்பதாவது நாள். மதியம் பன்னிரண்டரை இருக்கும். பேட்ஜர் ஓடைக்குப் போகும் மண் ரோட்டில் என் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. என் வண்டி என்றால் என் பெயரில் பதிவான வண்டி. முந்நூறு கேலன் தொட்டி, பம்ப், குழாய்ச் சுருள்கள், மண்வெட்டிகள் எல்லாம் நான் வாங்கிப் பூட்டியவை. ஐடஹோவில் என்னைப் போல நிறைய பேர் உண்டு. கோடையில் காடு எரிய ஆரம்பித்ததும் அரசாங்கம் கூப்பிடும், வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். கதவில் ஒட்டிய எண் நாற்பத்தேழு. ஓடலுக்கு அறுபத்தொரு வயது, என்னிடம் ஏழு கோடையாக வேலை செய்கிறார். பின் இருக்கையில் யெசேனியா. இரண்டு பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஓடைக் கரையில் எட்டு மரவீடுகள். அவற்றைச் சுற்றிக் குழாய் போட்டு, கூரையில் தெளிப்பான் வைத்து, தீ வந்தால் நின்று காப்பாற்ற வேண்டும். அதுதான் அன்றைய வேலை. மேலே கேட்டிலிருந்து ஓடை வரை ரோடு நான்கு மைல். ஒரு வண்டிதான் போகலாம். இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம்.

இரண்டாவது வளைவில் ஓடல் சொன்னார், "பாஸ், ரெண்டு நிமிஷம் நிறுத்து. இதுக்கு மேல தாங்காது."

"காலையில மூணு காப்பி. நான் அப்பவே சொன்னேன்," என்றாள் யெசேனியா.

"என் வயசுக்கு வா, அப்புறம் பேசு."

அவர் பள்ளத்தின் விளிம்பு வரை நடந்துபோய் முதுகைக் காட்டி நின்றார். நெடுநேரம் நின்றார். யெசேனியா ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தாள்.

"லோர்னா. இங்க வா," என்றார் அவர்.

ஏழு வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மூன்று தடவை இருக்கலாம். இறங்கிப் போனேன்.

முந்நூறு அடி கீழே, பள்ளத்தின் அடியில், மூன்று இடங்களில் புகை. சமையலறையில் அடுப்பை அணைத்த பிறகு எழும்புமே, அந்த அளவுதான். தீ அங்கே இருக்கவே கூடாது. அது மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் என்று காலையில் வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எந்த நேரத்திலோ கங்கு பறந்து வந்து விழுந்திருக்கிறது. அதற்கும் எங்கள் காலுக்கும் நடுவே முழுக்கக் காய்ந்த புல், புதர்.

"இப்ப தூங்குது," என்றார் ஓடல். "ரெண்டு மணிக்குக் காத்து மேல ஏறும்."

அவர் மீதியைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தீ ஏறினால் இந்த வளைவைத் தின்னச் சில நிமிடம் போதும். கீழே இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது.

யெசேனியாவும் இறங்கி வந்து பார்த்தாள். பிறகு வண்டியைப் பின்னாலேயே நகர்த்தி, அகலமான ஓரிடத்தில் திருப்பி, மேலே ஏறினேன்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் வேலையை மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதே வேலைக்கு அதிகாரி வேறு ஆளை அனுப்பினால், முன்னால் ஒருவர் மறுத்தார், இன்ன காரணத்துக்காக மறுத்தார் என்று அந்த ஆளிடம் சொல்லியே தீர வேண்டும். பலர் செத்த பிறகு எழுதிய விதி. எங்கள் சட்டைப் பையில் இருக்கும் சின்னக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது.

முந்தின கோடையில் நான் ஒரு தடவை மறுத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது தரும் மதிப்பீட்டுத் தாளில் மட்டும் ஒரு வரி: 'தயங்குகிறார்.' இந்தக் கோடையில் மற்றவர்களுக்கெல்லாம் ஜூனில் போன் வந்தது. எனக்கு ஜூலை முடியும்போது வந்தது. அரசாங்கத்து ஆள் மறுத்தால் அடுத்த நாளும் அவன் அரசாங்கத்து ஆள்தான். சொந்த வண்டிக்காரர்கள் விஷயம் வேறு. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். போக மனமில்லாத இடமென்றால் 'பம்ப் சரியில்லை' என்போம். முகாமுக்குப் போய் மெக்கானிக்கிடம் காட்டு என்பார்கள். யாரும் திறந்து பார்ப்பதில்லை. தாளில் எதுவும் ஏறாது.

ரேடியோவை எடுத்தேன். அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளர் கார்வர் என்பவர். வேறு மாநிலத்திலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"கார்வர், நாற்பத்தேழு."

"சொல்லு நாற்பத்தேழு."

"பம்ப் பிரஷர் பிடிக்கல. வண்டியை நிறுத்திப் பாக்கறேன்."

"சரி. கீழ வரைக்கும் போனியா? ரோடு எப்படி?"

"இல்ல. கேட்லயே நின்னுட்டேன். ரோடு பாக்கல."

அது ஏன் என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கீழே போனேன் என்று சொன்னால், பம்ப் கெட்டது அங்கேதான் தெரிந்ததா, பிறகு அவ்வளவு தூரம் எப்படி வந்தாய் என்று கேள்வி வரும் என்று நினைத்திருக்கலாம். முதல் பொய்க்கு ஒரு முட்டு தேவைப்பட்டது. ஓடல் சூரியகாந்தி விதைத் தொலியைத் துப்புவதை நிறுத்தினார். யெசேனியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புகையைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. மேலே போய் வேறு விதமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். அடுத்த வண்டியை அனுப்ப ஒரு மணி நேரமாவது ஆகும் என்பது என் கணக்கு.

பத்து நிமிடத்தில் ராய்ஸின் வண்டி வந்துவிட்டது.

கேட்டுக்கு எதிரே, ரோடுகள் சேரும் சந்திப்பில் பம்பின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கையில் ஸ்பானர்கூட இருந்தது. பன்னிரண்டாம் எண், சிவப்பு வண்டி. ராய்ஸ் ஓட்டினான், பக்கத்தில் அவன் மனைவி ட்வைலா, பின்னால் அவள் தம்பி கென். பதினைந்து வருடமாக ஒரே காட்டுத்தீக்களில்தான் வேலை செய்கிறோம். முகாம்களில் பக்கத்துப் பக்கத்தில்தான் கூடாரம் போடுவோம்.

"என்ன மகாராணி, மறுபடியும் பம்பா?" என்றான் ராய்ஸ். "அதைத் தூக்கி ஆத்துல போடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஆமா, இவரு ரொம்ப ஒழுங்கு," என்றாள் ட்வைலா. "போன வாரம் நம்ம வண்டி பெல்ட் அறுந்து நடுரோட்டுல நின்னப்ப யாரு தள்ளினா? நானும் இவனும். இவரு உள்ள உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரு."

"யாராவது ஒருத்தர் பிடிக்கணும்ல?"

ட்வைலா ஜன்னல் வழியாக ஒரு பீச் பழத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவர்கள் வண்டிக்குப் பின்னால் கார்வரின் பிக்கப் நின்றது. அவர் கையை வெளியே தொங்கவிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, மரவீட்டுக்கா?" என்றேன்.

"உன் வேலையத்தான். நீ இங்க நின்னு பழம் தின்னு."

இரண்டடி தூரத்தில் அவன் முகம். குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னாலே போதும்.

"ரெண்டாவது வளைவுல பாத்துப் போ," என்றேன்.

"ஏன், குறுகலா?"

"ஆமா. குறுகல்."

"நான் பாக்காத குறுகலா?" என்று சிரித்துவிட்டு அவன் கிளம்பினான். கேட்டைத் தாண்டவே இல்லை என்று சொன்னவளுக்கு இரண்டாவது வளைவு எப்படித் தெரியும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கார்வருக்கும் தோன்றவில்லை. சிவப்பு வண்டி மரங்களுக்குள் போனது. தூசி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கார்வர் வேறு பக்கம் போய்விட்டார்.

ஒரு மணி பத்து.

பம்பின் ஒரு திருகைக் கழற்றினேன், மறுபடி பூட்டினேன். ஓடல் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. தீயணைப்பு வேலையில் பாதி காத்திருப்பதுதான், எங்கள் மூவருக்கும் பேசாமல் இருக்கத் தெரியும். ஆனால் அன்று அது என் முதுகின் மேல் உட்கார்ந்திருந்தது.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் ஓடல்.

"ராய்ஸ் பாத்துப்பான். கண்ணு இல்லாதவனா?"

"வண்டிக்குள்ள இருந்து பாத்தா தெரியாது. நான் இறங்கினதாலதான் தெரிஞ்சுது. அவன் எதுக்கு இறங்கப் போறான்?"

"இன்னும் நேரம் இருக்கு."

"என்ன பண்ண நேரம் இருக்கு?"

ஸ்பானரைக் கீழே வைத்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு அப்போது உண்மையிலேயே தெரியாது. ஹெலிகாப்டர் தற்செயலாக அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிடும் என்று எதிர்பார்த்தேன். கார்வர் மனம் மாறி அவர்களைக் கூப்பிட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வேறு யாராவது எதையாவது செய்ய வேண்டும்.

யெசேனியா பின் இருக்கையிலிருந்து இறங்கினாள். என் பக்கம் வராமலே சொன்னாள்: "ட்வைலா உனக்குப் பழம் குடுத்தா."

கேட் கம்பத்தில் யாரோ ஒரு இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நாங்கள் வந்ததிலிருந்து அது எங்கள் பக்கம் பார்க்காமல் பள்ளத்துப் பக்கமே தொங்கியது. ஒன்று ஐம்பதுக்கு அது ஒரு தடவை துடித்தது. பிறகு மெல்லத் திரும்பி எங்கள் பக்கம் நீண்டது. கீழிருந்து வந்த காற்று முகத்தில் சூடாகப் பட்டது.

வண்டிகளுக்குள் பேசும் அலைவரிசையில் ராய்ஸைக் கூப்பிட்டேன். மூன்று தடவை. பள்ளம் என் குரலை விழுங்கிவிட்டது. பிறகு பொது அலைவரிசைக்கு மாறினேன். அந்தப் பகுதியில் வேலை செய்யும் எல்லோரும் அதைக் கேட்பார்கள். நூறு பேராவது இருக்கும்.

"கார்வர், நாற்பத்தேழு. அவசரம்."

"சொல்லு."

"பேட்ஜர் ரோட்ல ரெண்டாவது வளைவுக்குக் கீழ தீ இருக்கு. பன்னெண்டை உடனே மேல கூப்பிடுங்க."

"நீ நிக்கிற இடத்துலேர்ந்து தெரியுதா?"

ஆமாம் என்று சொல்லியிருப்பேன். உதடு வரை வந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அரை மணி முன்னாடிதான் ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் சுத்தமா இருக்குன்னு சொன்னுச்சு. முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் புகையைப் பாத்துட்டுச் சொல்றியா? பன்னெண்டு இப்பத்தான் குழாய் போட்டு முடிச்சிருக்கு. சும்மா கூப்பிட முடியாது."

பொத்தானை அழுத்தினேன். விட்டேன். மறுபடி அழுத்தினேன்.

"புகை இங்கேர்ந்து தெரியல. நான் கீழ போனேன். ரெண்டாவது வளைவு வரைக்கும். கண்ணால பாத்தேன், மூணு இடத்துல. அதனாலதான் திரும்பி வந்தேன். பம்ப் நல்லாத்தான் இருக்கு."

ரேடியோவில் யாருமே பேசவில்லை. அந்த அலைவரிசையில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எங்கோ ஒருவர் பொத்தானை அழுத்தி, ஒன்றும் சொல்லாமல் விட்டார். அந்தக் கிளிக் மட்டும் கேட்டது.

"சரி," என்றார் கார்வர். உடனே ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார்.

ஓட்டியது ஒரு பெண். குரல் நிதானமாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்து அதே நிதானத்தோடு சொன்னாள்: "பாத்துட்டேன். பள்ளத்துல மூணும் ஒண்ணாயிடுச்சு. மேல ஏறுது. ரோட்டுக்கு இருநூறு அடி இருக்கும். எனக்குப் பன்னெண்டோட பேச முடியுது, நானே சொல்றேன்."

மேலே இருப்பதால் அவளுக்கு ராய்ஸின் ரேடியோ எட்டியது. எங்களுக்கு அவள் பேசுவது மட்டும் கேட்டது.

"பன்னெண்டு, உடனே வெளிய வாங்க. நீங்க வந்த வழி அடைபடப் போகுது... ஆமா, இப்பவே." கொஞ்சம் இடைவெளி. "கார்வர், குழாயைச் சுருட்டிட்டு வர்றேங்கிறார். ஆறு நிமிஷமாம்."

ஓடல் எழுந்து நின்றுவிட்டார்.

அரசாங்கத்து வண்டியாக இருந்தால் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். கிடங்கில் வேறு குழாய் இருக்கும். ராய்ஸ் அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தவன். குளிர்காலத்தில் வீட்டு முற்றத்தில் விரித்து, ஓட்டை தேடி, ஒட்டி வைப்பான். ஒவ்வொரு சுருளிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு. அவன் கை தானாகவே சுருட்டும். எனக்குத் தெரியும். நானும் சுருட்டியிருப்பேன்.

"ஹெலிகாப்டர், நாற்பத்தேழு," என்றேன். முறைப்படி கார்வர் வழியாகத்தான் பேச வேண்டும். "ராய்ஸ்கிட்ட சொல்லுங்க, குழாயை அறுத்துப் போட்டுட்டு வரச் சொல்லுங்க. என் வண்டியில இருக்கறது எல்லாத்தையும் அவன் எடுத்துக்கட்டும். ஒரு முழம்கூட வேண்டாம் எனக்கு. லோர்னா சொன்னதா சொல்லுங்க."

இடைவெளி.

"சொல்லிட்டேன்."

மறுபடி இடைவெளி. ஓடலின் கை என் தோளுக்கு மேல் வண்டிக் கதவைப் பிடித்திருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன.

"கிளம்பிட்டாங்க," என்றாள் அவள். "நான் தண்ணி எடுத்துட்டு வளைவுக்கு வர்றேன்."

கீழிருந்து வளைவுக்கு மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ரோட்டில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எட்டு நிமிடம். நாங்கள் உள்ளே போகக்கூடாது, போனால் எதிரில் வரும் வண்டிக்கு வழி இருக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கேட்டிலிருந்து உள்ளே முடிந்த தூரத்துக்கு ரோட்டின் ஓரத்தை நனைத்து வைப்பது. யெசேனியா ஏற்கெனவே குழாயை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். நான் பம்பின் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே ஓடியது. ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் வெறுத்ததில்லை.

மரங்களுக்கு மேலே புகை முதலில் வெள்ளையாக எழுந்தது, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. சத்தம் பிறகுதான் வந்தது, தூரத்தில் சரக்கு ரயில் பாலத்தில் போவது போல. ஹெலிகாப்டர் தொங்கும் வாளியோடு எங்கள் தலைக்கு மேல் போனது, கறுப்புக்குள் தண்ணீரைக் கொட்டியது, திரும்பியது. கொட்டிய இடத்தில் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. இரண்டு பதினொன்று. இரண்டு பன்னிரண்டு. ஓடல் வாய்விட்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமா, வசவா, எனக்குக் கேட்கவில்லை.

"உள்ள புகுந்துட்டாங்க," என்றாள் அவள் ரேடியோவில். "புகையில வண்டி தெரியல."

நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை.

முதலில் முன்விளக்கு ஒன்று தெரிந்தது. ஒன்றுதான். பிறகு சிவப்பு. வலப்பக்கம் முழுவதும் பெயிண்ட் கொப்பளித்திருந்தது, பக்கவாட்டுக் கண்ணாடி உருகிப் பிசைந்த மாவு போல் தொங்கியது. பின்னால் அறுபட்ட குழாய்த் துண்டு ஒன்று மண்ணில் இழுபட்டு வந்தது. வண்டி எங்களைத் தாண்டி, சந்திப்பைத் தாண்டி, வெட்டவெளியில் போய் நின்றது.

கென் கதவைத் திறந்து கீழே விழுந்து இருமினான். யெசேனியா தண்ணீரோடு அவனிடம் ஓடினாள். ராய்ஸ் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ட்வைலா அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். புருவத்தில் பாதி கருகியிருந்தது.

"நாங்க இங்க நின்னு பேசினோமே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தேன், அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு என் வண்டிக்குப் போய், பக்கப் பெட்டியைத் திறந்து, முதல் குழாய்ச் சுருளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஓடல் ஒன்றும் கேட்காமல் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.

கார்வர் வந்தபோது பாதி இறக்கியாகிவிட்டது. அவர் முகம் வெளிறியிருந்தது. மதிப்பீட்டுத் தாளைப் பிக்கப்பின் முன்மூடியில் வைத்து, பேனாவைத் திறந்து, மூடினார்.

"ரோடு எப்படின்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். நீ பாக்கலன்னே. நானும் போய்ப் பாக்காம அவங்களை அனுப்பினேன்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "பம்ப் கோளாறுன்னு போட்டுடலாம். பதட்டத்துல நீ ரேடியோவுல என்னவோ சொல்லிட்டேன்னு விடலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவர் எனக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை என்று புரிந்தது. அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட எனக்குத் தகுதி இல்லை.

"நடந்ததை எழுதுங்க," என்றேன். "மறுத்தேன், காரணம் சொல்லலைன்னு."

"அப்படி எழுதினா அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் இன்னையோட வேலை போச்சு."

நான் ஓடலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. யெசேனியா கென்னின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கையால் புறந்தள்ளுவது போல ஒரு சைகை செய்தாள்: எழுதட்டும்.

கார்வர் எழுதினார். நெடுநேரம் எடுத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும் முன் ராய்ஸிடம் போனேன். அவன் தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் குழாய்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று நானும் யோசித்து வைத்திருக்கவில்லை. காற்று எங்கள் பக்கம் சாம்பலைக் கொண்டுவந்தது. அவன் முழங்காலில் விழுந்த சாம்பலைத் தட்டினான், மறுபடி விழுந்தது, மறுபடி தட்டினான்.

"குறுகல்னு சொன்னே," என்றான்.

அவ்வளவுதான். நான் என் வண்டிக்குத் திரும்பினேன்.

முகாம் பதினோரு மைல். காலிப் பெட்டிகளின் கதவுகள் ஒவ்வொரு குழியிலும் அடித்துக்கொண்டன. ரேடியோவை நான் அணைக்கவில்லை. வண்டி எண்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஆட்களை வளைவுக்கு அனுப்பினார்கள், திருப்பினார்கள், தண்ணீர் கேட்டார்கள். நாற்பத்தேழை யாரும் கூப்பிடவில்லை.